வெள்ளைத் துணி

விடிகாலை நாலே முக்கால், மர்ஃபி டவுன்.
சாவியைத் திருப்பினால்
முதலில் பிக்கப்பின் செருமல், அடுத்து
எதிர்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம்,
அதற்கடுத்து கொக்கி.
நாகரத்னா டீச்சர் திட்டுவதில்லை.
‘ஹொகெ’ என்று ஒரே சொல்.
நம் புகைக்கு
அடுத்த வாசலில் குடியிருக்கும் சொல்.

டிசம்பர் பனி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
எல்லார் வாயிலும்தானே ஆவி வருகிறது.

பிறகு ரெசிடென்சி ரோடு ஓட்டலிலிருந்து
பதினாலு தலையணை உறைகள் திரும்பி வந்தன.
‘வெளுப்பில் குறையில்லை தவமணி,
இந்த வாசனையில் யார் தலை வைப்பார்கள்?’
பிடித்தது போக மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஆளுக்கொரு வைத்தியம்.
ஆட்டோ ஸ்டாண்டில், டர்போ போச்சு.
ஷோரூம் பையன் பானெட்டைத் திறக்காமலே,
எஞ்சினை இறக்கணும், அறுபதாயிரம்.
வீட்டுக்காரர், வித்துடு.
என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் அது.
வித்துடு என்பது அவருக்குச் சுலபம்.

சிவாஜிநகர் பின்சந்தில் நயாஸ் மட்டும்
வண்டியைத் தொடாமல்
என்னைக் கேட்டார்.
என்ன நிறம்?
கறுப்பென்றால் காற்று போதவில்லை.
வெள்ளையென்றால் வேறு கதை,
ரேடியேட்டரில் தண்ணி குறைகிறதா?
இல்லை.
வெள்ளை வேட்டிக்குக் கடைசி அலசலில்
சொட்டு நீலம் விடுவோமே,
கலங்குவதற்கு முன்னால் ஒரு நிறம் இருக்கும்,
அது என்றேன்.
அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

எவ்வளவு தூரம் வரைக்கும்?
அல்சூர் ஏரி தாண்டினால் நின்றுவிடும்.
இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு
மறுபடி மிதித்தால் ஒரு கொத்து.
ஆயில் ஊத்துறீங்களா அக்கா?
ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்.
யாரிடமும் சொல்லாமல் ஊற்றிவந்ததை
அவரிடம் சொல்லிவிட்டேன்.

ராத்திரி இங்கேயே விடுங்க,
காலையில் நான் இல்லாமல் கிளப்பாதீங்க,
வெள்ளைத் துணி ஒன்று வேணும்.

வெள்ளைத் துணிக்கா என்னிடம் பஞ்சம்.
பதினாலில் ஒன்றை
சைலன்சர் வாயில் பிடித்தார்.
துணியில் பொட்டுப் பொட்டாக எண்ணெய்,
அப்பளம் வைத்து எடுத்த காகிதம் போல.

கேஜ் மாட்டி நாலு சிலிண்டரையும் பார்த்தார்.
நாலும் ஏறக்குறைய ஒரே எண்.
டர்போ ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டார்.
விரல் சுத்தம்.
கீழே இல்லை, மேலேர்ந்து சொட்டுது என்றார்.

ராத்திரி முழுக்க
வால்வுத் தண்டில் இழுபட்டு இழுபட்டு
ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
இறங்கிக் காத்துக் கிடந்திருக்கிறது.
நாலே முக்காலுக்கு
என்னோடு எழுந்திருக்கிறது.

ஜே.சி. ரோட்டில் வாங்கிவந்த எட்டு சீல்.
சுண்டுவிரல் நுனியில் தொப்பியாக நிற்கும்.
வால்வு உள்ளே விழாமல்
சிலிண்டருக்குள் காற்றடித்துத் தாங்கி
பழையதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
புளியங்கொட்டை போல இறுகியிருந்தன.
இரண்டு நாள் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றினேன்.
அறுபதாயிரம் இல்லை,
அதற்குப் பக்கத்திலும் இல்லை.

அந்த உறையை மூன்று தடவை வெளுத்தேன்.
பொட்டு போகவில்லை.
இப்போது கண்ணாடி துடைக்கிறேன்.

மறுநாள் இறங்கிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன்.
குழாய் வாயில்
குளிர்காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது.
மேலே ஜன்னல் சாத்தப்பட்டது, கொக்கி விழுந்தது.
டீச்சர், இப்போ ஹொகெ இல்லை
என்று கத்தலாம்தான்.
அந்த நேரத்தில் தெருவே தூங்குகிறது.

இன்று ஐந்தாம் நாள்.
செல்ஃப் எடுத்ததும்
ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.
கியர் போடாமல் இருந்தேன்.
கொக்கி விழவில்லை.